கடலோர வண்டி நிறுத்துமிடங்களைப் பேணும் முறை

நகரியை அடுத்த மலைத்தொடரில் மூக்குப்போல் நீண்டு நிற்கும் சிகரம் ஒன்று உண்டு. வானம் தெளிந்த நாட்களில் அது கடலிலிருந்தே புலப்படுமாகையால், முற்காலத்தில் கப்பலோட்டிகளுக்கு அடையாளமாக விளங்கிற்று. அம்மலைகளின் பாறையை நிலநூலார் ‘நகரி குவார்ட்சைட்’ என வழங்குவர். கடலோரத்தில் பொதுமக்களின் வண்டிகள் நிற்கும் தளத்தைப் பேண முற்படுவோர், இத்தகைய கல்லின் இயல்பை முதற்கண் அறிதல் நலம்.

குவார்ட்சைட் மிகக் கடினமானது, எளிதில் தேயாது. எனினும் அதிலுள்ள சிலிக்கா, தாரைவிட நீரையே மிகுதியாக நாடும் தன்மையது. தளத்தில் நீர் தேங்கினால், அது கல்லுக்கும் தாருக்கும் இடையே புகுந்து தார்ப்பூச்சை உரித்துவிடும். பின்னர் சக்கரங்களின் கீழ்க் கற்கள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து குழி தோன்றும். ஆகவே கல்லின் வலிமையை மட்டும் கருதித் தெரிவு செய்தல் போதாது. தார் பூசிய கற்களை 40 பாகை சென்டிகிரேடு வெப்பமுள்ள நீரில் 24 மணி நேரம் வைத்து, எவ்வளவு பரப்பில் பூச்சு நீங்கியுள்ளது எனக் காண்பது எளிய சோதனையாகும். பூச்சு மிகுதியாக நீங்குமாயின், கலவையில் நீற்றிய சுண்ணாம்புத் தூள் சிறிதளவு சேர்ப்பது பயன் தரும்.

அடுத்து நோக்கத்தக்கது அடிமண். சென்னை மெரினாவை எடுத்துக்கொள்வோம். 1875-ஆம் ஆண்டையொட்டித் துறைமுகப் பணி தொடங்கிய பின்னர், அதன் தென்புறத்தில் அலைகள் கொணர்ந்த மணல் சேர்ந்து கரை அகன்றது. 1884-இல் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாவுவதற்குரிய பாதையை அமைத்தார். இன்று அக்கரைக்கு வருவோரின் வண்டிகளும் மணலை ஒட்டியே நிற்கின்றன. மணல் தன்னளவில் பாரத்தை நன்கு தாங்கும். ஆயின் ஓரங்களில் கட்டுப்பாடின்றி விடப்பட்டால் நழுவிவிடும். எனவே தளத்தைச் சுற்றி உறுதியான விளிம்புக் கற்கள் பதித்தல் இன்றியமையாதது. காற்றில் வரும் மணலைத் தடுக்க அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பெருந்துணையாகும். அவற்றை அழித்துவிட்டு நாள்தோறும் மணலை அள்ளுவது வீண் செலவே.

மூன்றாவது பகை உப்பு. 1 லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. காற்றில் மிதக்கும் நுண்துளிகள் அதனை விளக்குத் தூண்களிலும் வடிகால் மூடிகளிலும் படியச் செய்கின்றன. கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பியைக் காப்பது உண்மையே. ஆயின் குளோரைடு ஊடுருவியதும் அக்காப்பு அழிகிறது. துரு, இரும்பைவிட மிகுந்த இடத்தை அடைப்பதால் கான்கிரீட் வெடிக்கிறது. ஆதலின் கடல்நீர்த் துளிகள் நேரே படும் இடங்களில் கம்பியின் மேல் 50 மில்லிமீட்டர் கனமான கான்கிரீட் போர்வை இருத்தல் வேண்டுமென இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-இல் திறக்கப்பட்டது முதல் இத்தகைய அரிப்பை ஆராய்ந்து வருகிறது.

பராமரிப்பு காலமறிந்து செய்யப்பட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்வதால், செப்டம்பருக்குள் வெடிப்புகளை அடைத்தல், வடிகாலில் படிந்த மணலை நீக்குதல், தளத்தில் 50 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு உள்ளதா எனப் பார்த்தல் ஆகியவற்றை முடித்துவிட வேண்டும். ஒழுகிய எண்ணெயும் டீசலும் தாரை இளக்குமாதலால் உடனே மணல் தூவி உறிஞ்சி அகற்றுக. தளத்தைக் கடல்நீரால் கழுவுதல் கூடாது. ஆமைக் குஞ்சுகள் மணலிலிருந்து வெளிவரும் மாதங்களில் விளக்கொளி கரைப்பக்கம் படாதவாறு மறைப்பதும் கடமையே. ஒளியைக் கடலென மயங்கி அவை நிலத்தை நோக்கி ஊர்ந்து மடியும்.

சிறு வெடிப்பை அடைக்கச் சிறிது தாரும் ஓர் ஆளின் சில மணி நேர உழைப்பும் போதும். அதனைப் புறக்கணித்தால் ஒரே மழையில் நீர் அடித்தளத்தை எட்டும். பின்னர் தளம் முழுவதையும் பெயர்த்தெடுக்க நேரிடும். அதற்குள் இருளில் அக்குழியில் இடறி விழுபவர், காற்று வாங்க வந்த ஒரு முதியவராகவோ சிறு குழந்தையாகவோ இருக்கக்கூடும். காலத்தாற் செய்யும் சிறு பணியே பொதுப் பணத்தையும் மக்களையும் ஒருங்கே காக்கிறது.