ஃபைனான்ஸ் படித்தால் வட்டி வேலைதானா?



சென்ற மாதம் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு சகோதரர் என்னை நிறுத்தினார். “செயலாளர் பாய், மக பி.காம். முடிச்சிட்டா. வண்டலூர்ல எம்.பி.ஏ. சேரணும், ஃபைனான்ஸ்தான் எடுப்பேன்னு நிக்கிறா. கடைசியில வட்டிக் கணக்கு எழுதுற வேலைதானே?” என்று கேட்டார். பல வீடுகளில் இதே கேள்வி இருப்பதால் இங்கேயே பதில் எழுதுகிறேன்.

அவருடைய அச்சம் நியாயமானது. வட்டி வாங்குபவரை மட்டுமல்ல. கொடுப்பவர், எழுதுபவர், சாட்சி நிற்பவர் ஆகியோரையும் நபி (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்துள்ளார்கள். ஆனால் நிதி வேறு, வட்டி வேறு. கடனை எழுதி வைக்கும் முறையை விரிவாகச் சொல்லும் அல்பகரா 282ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது. யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, தாம் பாதுகாப்பவர், விஷயம் அறிந்தவர் என்ற இரண்டு தகுதிகளை முன்வைத்தார்கள். நிதித்துறையில் இன்றும் அந்த இரண்டும்தான் தேவை.

நம் ஊர்க் கணக்கு ஒன்றைப் பாருங்கள். ஒரு மீன் வியாபாரி தினமும் 10,000 ரூபாய்க்கு ரொக்கமாக மீன் எடுத்து, 11,000 ரூபாய்க்கு ஓட்டல்களுக்குப் போடுகிறார். ஓட்டல்காரர் 30 நாள் கழித்துத்தான் பணம் தருவார். மாத லாபம் 30,000 ரூபாய். ஆனால் முதல் ரூபாய் கைக்கு வருமுன் அவருடைய 3 லட்சம் வெளியே நிற்கிறது. அதை அவர் மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 9,000 போய்விடும். பத்து வட்டி என்றால் 30,000, அதாவது லாபம் முழுவதும் போய்விடும். ஓட்டலோடு பேசி வாரம் ஒருமுறை வசூல் என்று மாற்றிக்கொண்டால் 70,000 ரூபாய் போதும். அதைக் கூட்டாளி முதலாகவோ கர்ழன் ஹஸனாகவோ திரட்டிவிடலாம். இதற்குப் பெயர்தான் நடைமுறை மூலதன நிர்வாகம், எம்.பி.ஏ. ஃபைனான்ஸில் இது ஒரு முக்கியப் பாடம். கணக்கு தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால், ஒரு குடும்பமே வட்டியிலிருந்து தப்பலாம்.

வேலை வாய்ப்புக்கு வருவோம். தணிக்கை, செலவுக் கணக்கு, ஜி.எஸ்.டி., பட்ஜெட் தயாரிப்பு, தொழிற்சாலை மற்றும் மருத்துவமனைக் கணக்குப் பிரிவு, மென்பொருள் நிறுவனங்களின் நிதிப் பிரிவு எனப் பல வழிகள் உண்டு. சிறுசேரி சிப்காட் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வட்டிக் கடன் கொடுக்கும், வசூலிக்கும் பிரிவுகளைத் தவிர்த்துவிட்டு இவற்றைத் தேடலாம். ஒரு குறிப்பிட்ட வேலையில் சந்தேகம் இருந்தால், சேருவதற்கு முன்பே ஆலிம்களிடம் கேளுங்கள்.

இந்தியாவில் வட்டியில்லா வங்கிச் சேவையை 2008இல் ரகுராம் ராஜன் குழு பரிந்துரைத்தது. ஆனால் 2017இல் ரிசர்வ் வங்கி அந்த யோசனையைத் தொடர்வதில்லை என்று முடிவு செய்தது. ஆகவே இஸ்லாமிய வங்கி வேலைக்கு வளைகுடா, மலேசியா பக்கம்தான் பார்க்க வேண்டும். துபாய் இஸ்லாமிய வங்கி 1975லிருந்து நடக்கிறது. இலங்கையில் அமானா வங்கி 2011இல் தொடங்கியது.

எங்கே படிப்பது? கீழக்கரை பி.எஸ்.அப்துர் ரஹ்மான் அவர்கள் 1984இல் வண்டலூரில் தொடங்கிய கிரசென்ட் பொறியியல் கல்லூரி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம், அங்கே எம்.பி.ஏ.வும் உண்டு. கேளம்பாக்கம் வழியாக வீட்டிலிருந்தே போய் வரலாம். கட்டணம் பாரமாக இருந்தால், அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வு எழுதி அரசுக் கலந்தாய்வுக்குப் போகலாம். 2007 முதல் தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. சாதிச் சான்றிதழைக் கடைசி நேரம்வரை விட்டுவிடாமல் இப்போதே வாங்கி வையுங்கள்.

எந்தக் கல்லூரியானாலும் “அதிகபட்சச் சம்பளம்” என்ற விளம்பரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஐந்து மாணவர்கள் ஆண்டுக்கு 3, 3, 4, 4, 16 லட்சம் வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதிகபட்சம் 16, சராசரி 6. ஆனால் வரிசையில் நடுவில் நிற்பவர் வாங்குவது 4தான். உங்கள் பிள்ளை எதிர்பார்க்க வேண்டியது அந்த நடுத் தொகையைத்தான். அதைக் கேளுங்கள். ஃபைனான்ஸ் எடுத்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எங்கே பயிற்சிக்கு அனுப்புகிறார்கள் என்றும் கேளுங்கள். கட்டணத்தையும் அந்தச் சம்பளத்தையும் அருகருகே எழுதிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் முன் ஜமாஅத்திடமும் நம் டிரஸ்ட்டிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அந்தச் சகோதரருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: “தாராளமா சேருங்க பாய். என்ன வேலைக்குப் போகணும்னு மட்டும் மகளோட உட்கார்ந்து இப்பவே பேசிக்கோங்க.”

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான ரிஸ்கையும் தந்தருள்வானாக! ஆமீன்.