கம்பியைப் பிடித்து மேலேறும் பயிற்சி

நமது குனோங் ராபாட் வட்டாரத்து வியாபாரக் குடும்பங்களிலும் படையிலோ போலீசிலோ சேர விரும்பும் வாலிபர்கள் இல்லாமலில்லை. கல்லாப்பெட்டிக்கு ஆள் வேண்டாமா என்று தகப்பனார்கள் தயங்குவதும் உண்டு. ஈப்போவுக்கு அருகே உலு கிந்தாவில், 1969-இல் தோன்றிய வாட் 69 கமாண்டோப் படையின் தளம் இருக்கிறது. ஆகவே சீருடை நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. மனுப்போட்ட பிள்ளை தேகத் தகுதிச் சோதனையில் தோற்றுத் திரும்பினாலோ, "அப்போதே சொன்னேனே" என்பதற்கு வீட்டாருக்கு ஒரு சாக்குக் கிடைத்துவிடுகிறது. அவன் மறுபடி மனுப்போடுவது அரிது. எனவே இந்த விஷயத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் எந்தச் சோதனை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க மரைன் படையில் 'புல் அப்' எனும் இப்பயிற்சிக்கு இன்றும் பெருமதிப்பு உண்டு. அங்கே 21 முதல் 25 வயது வரையுள்ள ஆண் முழுப் புள்ளி பெற 23 முறை மேலேற வேண்டும். சிங்கப்பூரிலோ 2015-இல் இதை நீக்கிவிட்டு, தண்டால், படுத்தெழுதல், 2.4 கிலோமீட்டர் ஓட்டம் என்று மூன்றாக்கினார்கள். அங்குள்ள நம் உறவினர் பிள்ளைகள் தண்டாலில் நேரம் செலவழிப்பதே புத்தி. மனுப்போடும் ஆண்டின் அறிவிப்பை வாங்கிப் படித்த பிறகே பயிற்சியைத் தொடங்குக.

பளு தூக்கும் வாலிபர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். அரிசி மூட்டையை அநாயாசமாகத் தோளில் ஏற்றுகிறவன் கம்பியில் நான்கு முறை ஏறுவதற்குள் தொங்கிவிடுகிறான். காரணம் எளிது. மூட்டை தூக்குவதில் காலும் இடுப்பும் பெரும் பங்கு வகிக்கின்றன. கம்பியிலோ முதுகின் பக்கத் தசையும் முன்கையும் விரற்பிடியுமே முழு உடலையும் சுமக்கின்றன. பளுவால் உடல் பெருத்திருந்தால் அந்தப் பெருக்கத்தையும் சேர்த்தே இழுக்க வேண்டும்.

ஒருமுறைகூட ஏற முடியாதவர், நாற்காலியில் ஏறித் தாடையைக் கம்பிக்கு மேல் வைத்துக்கொண்டு, ஐந்து விநாடி எடுத்து மெல்ல இறங்கிப் பழகட்டும். இறங்கும் வேலையும் தசையை வளர்க்கும். பிடி தளராமல் வெறுமனே தொங்குவதும் பயிற்சியே.

நான்கைந்து முறை ஏற முடிந்தவருக்கு வியாபாரி அறிந்த வழியையே சொல்வோம்: மொத்த வியாபாரம் வேண்டாம், சில்லறை வியாபாரம் செய்க. ஐந்து முறை முடிந்தவன் ஒவ்வொரு வேளையும் மூன்றோடு நிறுத்தட்டும். கடையின் பின்கட்டில் ஒரு கம்பியை உறுதியாக மாட்டிவிட்டால், சரக்கு எடுக்கப் போகும்போதெல்லாம் மூன்று, நாளைக்கு ஆறு வேளை. பதினெட்டு ஆயிற்று, வாரத்தில் ஐந்து நாளைக்குத் தொண்ணூறு! முழுமூச்சாக ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு என்று களைத்து விழுகிறவன் பதினான்கோடு நின்று, மறுநாள் கை தூக்க முடியாமல் உட்கார்ந்திருப்பான். வாரம் இருமுறை செய்தாலும் அவன் கணக்கு இருபத்தெட்டுத்தான். இரு வாரத்திற்கொரு முறை மட்டும் முழுத் திறனைச் சோதித்து, எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளலாம். உள்ளங்கை வெளியே பார்க்கும் பிடியில் பழகுவது நலம்; கை முழுதும் நீண்டு, தாடை கம்பியைத் தாண்ட வேண்டும். காலை உதைத்து ஏறுவதைச் சோதகர் எண்ணமாட்டார்.

பளுப் பயிற்சியை விட்டுவிட வேண்டியதில்லை. வாரம் இரு நாள் போதும். அன்று கம்பியை முதலில் முடித்து, பிறகே இரும்பைத் தொடவேண்டும். தரையிலிருந்து கனத்த பளுவைத் தூக்கியபின் விரற்பிடி மிஞ்சுவதில்லை. எட்டுப் பத்து முறை ஏற முடிந்தபின், இடுப்பில் இரண்டரை அல்லது ஐந்து கிலோ கட்டிக்கொண்டு சில முறை ஏறினால், கட்டை அவிழ்த்ததும் உடல் இலேசாகத் தோன்றும். முழங்கையின் உட்புறம் வலித்தால் அன்றே நிறுத்துக. வலியோடு இழுத்தவர் மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும்.

உணவைப்பற்றி ஒரு சொல். கடை மூடியபின் நள்ளிரவில் பரோட்டாவும் இறைச்சிக் குழம்பும் உண்டு படுக்கும் வழக்கம் நம்மவரிடம் இருக்கிறது. ஏறும் உடலில் வீண் கொழுப்பு மூன்று கிலோ குறைந்தாலே கம்பியில் வித்தியாசம் தெரியும். ஆனால் சோதனைக்காகப் பட்டினி கிடப்பது பலத்தையும் சேர்த்துக் குறைத்துவிடும். மாலையில் கெக் லோக் தோங் குகைக்கோயிலின் பின்னுள்ள தோட்டப் பாதையில் நடந்தாலும் ஓடினாலும் எடை மெல்ல இறங்கும். ஓட்டச் சோதனைக்கும் அது உதவும்.

ரமலானில் பயிற்சியை அடியோடு விடத் தேவையில்லை. நோன்பு திறப்பதற்குச் சற்று முன் இரண்டொரு வேளை இலேசாகவும், தராவீஹுக்குப் பின் மீதியையும் வைத்துக்கொள்ளலாம். எண்ணிக்கையைக் கூட்டும் மாதமல்ல அது. உள்ளதைக் காத்துக்கொண்டாலே போதும். வலிமையுள்ள முஃமினைப்பற்றிய நபிமொழியை நம் ஆலிம்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். வாலிபர்களைத் தடுக்கும் தகப்பனார்கள் அதனைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

சோதனைக்கு முந்திய மூன்று நாளும் கம்பியைத் தொடவேண்டாம். கனத்த பளுவை ஒரு வாரம் முன்பே நிறுத்துக. உள்ளங்கையில் தடித்த தோலைத் தேய்த்துச் சமப்படுத்தி, நகம் வெட்டி, சுபுஹு தொழுதபின் இலேசாக உண்டு புறப்படுக. கம்பி ஈரமாயிருந்தால் துடைக்கக் கைக்குட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.