ஈரைந்து திங்கள்
(மூன்றாம் ஆண்டு, விலங்கியல் துறை)

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. மாணிக்கவாசகரும் போற்றித் திருவகவலில் கருவின் வளர்ச்சியை மாதம் மாதமாக, அந்தந்த மாதத்து இடரோடு சேர்த்து எண்ணிச் சொல்கிறார். இவற்றை நான் வெறும் பழமொழியாகவும் பாட்டாகவும் எண்ணியிருந்தேன். என் தமக்கையின் எட்டாம் மாதத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி அவ்வெண்ணத்தை மாற்றியது. அதனை இறுதியில் கூறுகிறேன். முதலில் பாடம்.

பத்தா, ஒன்பதா?

நம்மவர் பத்து மாதம் என்கின்றனர். மருத்துவர் ஒன்பது மாதமும் ஏழு நாளும் என்கின்றனர். இரண்டும் சரியே. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து பேறு நாள் வரை சராசரியாக 280 நாட்கள், அதாவது 40 வாரங்கள். 28 நாள் கொண்ட திங்களாக வகுத்தால் சரியாகப் பத்து வரும். ஆனால் கருவுறுதல் பொதுவாக இரண்டு வாரம் கழித்தே நிகழ்கிறது. எனவே கருவின் உண்மையான வயது ஏறத்தாழ 266 நாட்களே.

முதல் திங்கள்கள்

கருக்குழாயில் சினைமுட்டையும் விந்தணுவும் இணைந்து ஒரே ஓர் உயிரணு உண்டாகிறது. அது இரண்டாய், நான்காய், எட்டாய்ப் பிளந்துகொண்டே கருப்பையை நோக்கி நகர்கிறது. ஆறாம் நாள் அளவில் கருப்பைச் சுவரில் பதியத் தொடங்குகிறது. அப்போது சுரக்கும் இயக்குநீரைத்தான் சிறுநீர்ச் சோதனையில் காண்கிறோம்.

நம் ஆய்வுக்கூடத்தில் கோழிக் கருவின் 33 மணி, 48 மணி, 72 மணி ஸ்லைடுகளை வரைந்திருக்கிறோம். கோழிக் கருவில் இரண்டாம் நாளிலேயே துடிக்கத் தொடங்கும் இதயம் மனிதக் கருவில் 22ஆம் நாள் அளவில் துடிக்கத் தொடங்குகிறது. மூளையும் தண்டுவடமும் ஆகவேண்டிய நரம்புக்குழல் 28ஆம் நாளுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் குழந்தை முதுகுத்தண்டுக் குறையோடு பிறக்கும். இதைத் தடுக்க உதவுவது போலிக் அமிலம். ஆனால் 28ஆம் நாளில் பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே தெரிந்திராது. ஆகவே, அம்மாத்திரையைக் கருவுறுவதற்கு முன்பே தொடங்கவேண்டும் என்கின்றனர் மருத்துவர்.

கருவின் எட்டு வாரத்துக்குள் எல்லா உறுப்புகளும் உருவெடுத்துவிடுகின்றன. அப்போது அதன் நீளம் மூன்று சென்டிமீட்டர் அளவே. மருந்து, கதிர்வீச்சு, மது, நோய்த்தொற்று ஆகியவை மிகுந்த கேடு செய்யும் காலமும் இதுவே.

நடுத் திங்கள்கள்

தாயின் குருதி குழந்தையின் உடலில் ஓடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. நஞ்சுக்கொடியில் இரண்டு குருதிகளும் மெல்லிய சுவர் ஒன்றின் இருபுறமும் ஓடுகின்றன; கலப்பதில்லை. உணவும் உயிர்வளியும் அச்சுவரைக் கடந்து செல்கின்றன. கழிவு திரும்பி வருகிறது. ஐந்தாம் மாத அளவில் தாய் குழந்தையின் அசைவை உணர்கிறாள்.

இக்காலத்தில் தாயின் குருதியளவு ஏறத்தாழப் பாதி அளவுக்குக் கூடுகிறது. அதில் நீர்ப்பகுதி மிகுதியாகவும் சிவப்பணுக்கள் குறைவாகவும் கூடுவதால் குருதி நீர்த்துப் போகிறது. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இறங்கினால் அது இரத்தசோகை. அரசு நிலையங்களில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் பயன் குறைந்துவிடும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் சத்து நன்றாக ஏறும். குங்குமப்பூவால் குழந்தையின் நிறம் மாறாது. அந்தக் காசுக்கு முருங்கைக்கீரை, முட்டை, கடலைமிட்டாய் என வாங்கித் தரலாம்.

சர்க்கரைச் சோதனையில் நம் சென்னைக்குத் தனிப் பெருமை உண்டு. கர்ப்பகால நீரிழிவைப் பற்றிப் பல்லாண்டுகள் ஆய்ந்தவர் சென்னை மருத்துவர் வீ. சேஷையா. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடித்து, இரண்டு மணி கழித்து ஒரே ஒரு முறை குருதியெடுத்தால் போதும். 140 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. வெறும் வயிற்றோடு வரவேண்டியதில்லை என்பதால், இரண்டு பேருந்து மாறி வரும் ஏழைப் பெண்ணுக்கும் ஏற்ற முறை இது. கருவுற்ற எல்லாப் பெண்களுக்கும் இச்சோதனை என்ற ஏற்பாட்டைத் தமிழ்நாடு 2007இல் தொடங்கியது.

கடைத் திங்கள்கள்

ஏழாம் மாதத்தில் பிறந்தால் பிழைக்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தால் பிழைக்காது என்று ஒரு பேச்சு உண்டு. அறிவியல் இதனை ஏற்கவில்லை. நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ஒருவகைப் பூச்சு நாளுக்கு நாள் பெருகுவதால், கருப்பையில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு இலாபமே. 28 வாரத்தில் ஒரு கிலோ அளவிருக்கும் குழந்தை நிறைமாதத்தில் மூன்று கிலோவை நெருங்குகிறது.

இக்காலத்தின் பெரும் இடர் இரத்த அழுத்தம். இதன் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. நஞ்சுக்கொடி ஊன்றும் முதல் மாதங்களில் கருப்பையின் சிறு தமனிகள் விரிந்து இடம் தரவேண்டும். அவ்வாறு விரியாவிடில் பின்னர்க் கொடிக்குக் குருதி போதாது. வாடிய கொடி வெளியிடும் பொருள்கள் தாயின் குருதிநாளங்களைச் சுருக்குகின்றன, அழுத்தம் ஏறுகிறது, சிறுநீரில் புரதம் இறங்குகிறது. முற்றினால் வலிப்பு வரும். அரும்புவது தொடக்கத்தில், தெரிவதோ பெரும்பாலும் 20 வாரத்துக்குப் பின். தொடக்கத்தில் தாய்க்கு ஒரு நோவும் இராது. கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பேறு

பேற்றினை மூன்று கட்டமாகப் பிரிப்பர். கருப்பை வாய் பத்து சென்டிமீட்டர் விரியும்வரை முதற்கட்டம். தலைச்சன் பிள்ளைக்கு இது அரை நாளையும் கடக்கலாம். குழந்தை வெளிவருவது இரண்டாம் கட்டம். நஞ்சுக்கொடி வெளிவருவது மூன்றாம் கட்டம். குழந்தை பிறந்ததும் வீடே மகிழ்ந்து தாயை மறந்துவிடும் நேரமும் அதுவே. ஆனால் கருப்பை நன்கு சுருங்காவிடில் சில நிமிடங்களில் அரை லிட்டருக்கு மேல் குருதி போய்விடும். அதனாலேயே குழந்தை பிறந்தவுடன் ஆக்சிடோசின் ஊசி போடுகின்றனர். முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தரவேண்டும். சீம்பாலை ஒதுக்கிவிட்டுச் சேனை தொட்டு வைப்பது குழந்தைக்குத் தீங்கு.

எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை 1844இல் தோன்றியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912இல் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் 1987இல் தொடங்கிய மகப்பேறு நிதியுதவி, 2018இல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. 108 ஊர்தி 2008இல் நம் மாநிலத்துக்கு வந்தது. இத்தனை பேருழைப்பின் பயனாக, 2018–20 கணக்கின்படி தமிழ்நாட்டில் ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புக்கு 54 தாய்மார் இறந்தனர். இந்திய அளவில் 97 பேர். பெருமைப்படத்தக்க எண்தான். ஆனால் அந்த 54இல் ஒருத்தி யார் வீட்டுப் பெண் என்பதுதான் கேள்வி.

ஓர் அட்டை

இனி என் தமக்கையின் செய்தி. ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து, வழக்கப்படி அவளைத் தாய்வீடாகிய மேற்குத் தாம்பரத்துக்கு அழைத்து வந்தோம். அடுக்கு வளையலும் ஐந்து வகைச் சோறும் பழத்தட்டும் உடன் வந்தன. தாய் சேய் நல அட்டை மட்டும் மாமியார் வீட்டு அலமாரியில் தங்கிவிட்டது. அட்டை வரட்டும், பிறகு போகலாம் என்று இரண்டு பரிசோதனைகள் தள்ளிப்போயின. கால் வீங்கியது. "தலைச்சன் பிள்ளை, வீங்கத்தான் செய்யும்" என்றார் பாட்டி. தலை வலித்தது. வெயில் என்றோம். கண்முன் பூச்சி பறப்பதுபோல் இருக்கிறது என்றாள். தூக்கமில்லை என்றோம். பாடத்தில் இதனைப் படித்துத் தேர்விலும் எழுதியிருந்த நானும் அவ்வாறே சொன்னேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

தெருவுக்கு வந்த சுகாதாரச் செவிலியர், "அட்டை இல்லேன்னா என்னம்மா, கை இருக்குல்ல?" என்று சொல்லி, வளையல் அடுக்கிய அந்தக் கையில் பட்டையைச் சுற்றினார். 160க்கு 110. அவர் முகம் மாறியதைக் கண்டேன். அரைமணியில் 108 வந்தது. மருத்துவமனையில் வலிப்பு வராமல் காக்க மக்னீசியம் சல்பேட் ஊசி போட்டனர். நஞ்சுக்கொடி வெளிவருவதே இந்நோய்க்கு முடிவான மருந்து என்பதால் 36 வாரத்திலேயே குழந்தையை எடுத்தனர். எடை இரண்டு கிலோ நூறு கிராம். இன்று தாயும் சேயும் நலம். அந்தச் செவிலியர் மறுநாள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போது இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

தாய்வீட்டுக்கு அழைத்து வருவது நல்ல வழக்கம். ஓய்வும் அன்பும் கிடைக்கின்றன. ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பெண் கணக்கில் விடுபட்டுப் போகும் இடமும் அதுவே. இன்று ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் அரசுப் பதிவெண் உண்டு. அவ்வெண் கையில் இருந்தால், சென்ற ஊரிலும் அருகிலுள்ள நிலையத்தில் பரிசோதனையைத் தொடரலாம். எண்ணே இல்லாவிட்டாலும் அழுத்தம் பார்க்க எவரும் மறுப்பதில்லை.

நம் பகுதிக்கு இன்னொரு பாடமும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் புறநகரில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரை மாடியிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர் மீட்டதும், அவர் இரட்டைப் பெண் குழந்தைகளைப் பெற்றதும் நாளேடுகளில் வந்த செய்தி. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தண்ணீர் ஏறும் மாதங்களை நாம் அறிவோம். அம்மாதங்களில் பேறு நாள் விழுமானால், மழைக்கு முன்பே மேட்டுப் பகுதியில் உள்ள உறவினர் வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ செல்வது நலம்.

உடன் பயிலும் நண்பர்களே! உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஒரு கர்ப்பிணி இருப்பார். இன்று மாலை வீடு சென்றதும் மூன்று கேள்வி கேளுங்கள்: அட்டை எங்கே? கடைசியாக அழுத்தம் பார்த்தது எப்போது? தலைவலியோ கண் மங்கலோ குருதிப் போக்கோ குழந்தையின் அசைவில் குறைவோ உண்டா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்று விடை வந்தால் நாளைவரை காத்திருக்க வேண்டாம். நான் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்ற விடை, வீட்டில் தேவைப்பட்டபோது வாய்க்கு வரவில்லை. உங்களுக்கு வரவேண்டும் என்பதற்காகவே இதனை எழுதினேன்.