ஹோம்ஸ்டக் படிக்கத் தொடங்கலாமா?

ஆண்ட்ரூ ஹஸ்ஸி 2009 முதல் 2016 வரை இணையத்தில் வெளியிட்ட ஆங்கிலப் படக்கதை. 8,000 பக்கங்களுக்கு மேல் நீளும். இறங்கும் முன்:

1. முதல் அங்கத்தை மட்டும் படியுங்கள். பிறந்தநாள் கொண்டாடும் சிறுவன் தன் அறையிலேயே நெடுநேரம் தடுமாறுவான். அந்தக் குறும்பு பிடிக்காவிட்டால் தயங்காமல் விட்டுவிடலாம்.

2. பிடித்திருந்தால் ஐந்தாம் அங்கம் வரை பொறுங்கள். பூதச் சிறுவர்கள் பன்னிரண்டு பேரின் கதை அங்கேதான் விரிகிறது. என் கணக்கில் கதையின் உயிரே அதுதான்.

3. பாத்திரங்களின் அரட்டைப் பகுதிகளைத் தாண்டாதீர்கள். கதையின் பெரும்பகுதி அவற்றில்தான் நகர்கிறது. ஒவ்வொருவருக்கும் தனி நிறம், தனி எழுத்துமுறை. எண்களும் எழுத்துகளும் கலந்து வரும் வரிகளை வாய்விட்டுப் படித்தால் புரிந்துவிடும்.

4. கணினியில் படியுங்கள். இடையிடையே இசையோடு அசைபடங்களும் சிறு விளையாட்டுகளும் வரும். அவற்றில் பல ஃபிளாஷ் என்ற மென்பொருளில் செய்தவை. அதன் ஆதரவு 2020 இறுதியில் நின்றுவிட்டது. ரசிகர்கள் தொகுத்த இலவசப் பதிப்பில் அவை இன்றும் ஓடும்.

5. விக்கியைத் திறக்காதீர்கள். ஒரு பாத்திரத்தின் பெயரைத் தேடினாலே அவர் சாவது தெரிந்துவிடும்.

6. சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். ரத்தமும் கெட்ட வார்த்தையும் நிறைய.