ஒரே மரத்துத் தேன்



இந்த இதழின் பாடம் ஒரு தவறிலிருந்து பிறந்தது. அது எங்கள் தவறு. ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம்.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில், குமரி மாவட்டத்துக் குடும்பம் ஒன்று எங்கள் மருத்துவமனைக்குப் பன்னிரண்டு பாட்டில் தேன் அனுப்பியிருந்தது. நோயாளிகளின் கஞ்சிக்காகக் கொடுத்த காணிக்கை. இரண்டு பாட்டில்களைச் சமையலறைக்குக் கொடுத்துவிட்டு மீதியைப் பண்டக அறையில் வைத்தோம். இரண்டு மாதம் கழித்துத் திறந்தபோது எல்லாம் உறைந்த நெய்யைப்போல் வெளுத்துக் கட்டியாகியிருந்தது. கரண்டியால் எடுத்தால் மணல்போல் நறநறவென்றது. சர்க்கரைப் பாகைக் காய்ச்சி யாரோ இந்த நல்ல மனுஷரை ஏமாற்றிவிட்டார்கள் என்று தீர்மானித்தோம். அதோடு நிற்கவில்லை. தேனை எந்தக் கடையில் வாங்கினீர்கள், இனி அங்கே வாங்கவேண்டாம் என்று ஒரு கடிதமும் எழுதினோம்.

பதில் ஒரு வாரத்தில் வந்தது. தேனை அவர் வாங்கவே இல்லையாம். தம்முடைய அரை ஏக்கர் ரப்பர் தோட்டத்தில் வைத்திருக்கும் பெட்டிகளிலிருந்து தாமே பிழிந்து, வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி அனுப்பினாராம். "ரப்பர் தேன் உறையத்தான் செய்யும்" என்று ஒரே வரியில் எழுதியிருந்தார். கோபமாக ஒரு வார்த்தையும் இல்லை. அதுதான் எங்களை அதிகமாக உறுத்தியது. மன்னிப்புக் கடிதம் எழுதிய பிறகு, தேனைப்பற்றிச் சரியாகப் படிக்கவேண்டும் என்று உட்கார்ந்தோம். படித்ததில் மருத்துவமனைக்கும் உங்கள் வீடுகளுக்கும் தேவையானவற்றை இங்கே எழுதுகிறோம்.

தேனீ ஒரு பயணத்தில் பல பூக்களுக்குப் போனாலும், பெரும்பாலும் ஒரே இனப் பூவையே தேடிப் போகும். மதுரம் மிகுந்த ஓர் இடத்தைக் கண்ட தேனீ, கூட்டுக்குத் திரும்பி ஒருவித நடனத்தால் மற்ற தேனீக்களுக்குத் திசையும் தூரமும் சொல்லிவிடுகிறது. இதைக் கண்டு விளக்கிய கார்ல் ஃபான் ஃபிரிஷ் என்ற விஞ்ஞானிக்கு 1973ல் நோபல் பரிசு கிடைத்தது. இதனால் சுற்றுவட்டாரத்தில் ஒரு பயிரோ மரமோ ஏராளமாகப் பூக்கும்போது முழுக் கூடும் அதன்மேலேயே விழுகிறது. அந்தப் பருவம் தொடங்குமுன் பழைய தேனை எடுத்துவிட்டு, பருவம் முடிந்தவுடன் புதிய தேனைப் பிழிந்தால் கிடைப்பது ஒரே பூவின் தேன். பீகாரில் முசாஃபர்பூர்ப் பகுதியின் லிச்சித் தேன், ராஜஸ்தானின் கடுகுத் தேன், நம் ஊர்களில் விற்கும் முருங்கைத் தேன், நாவல் தேன் எல்லாம் இப்படிப்பட்டவையே. நூற்றுக்கு நூறு ஒரே பூ என்று எந்தத் தேனீயும் சத்தியம் செய்யாது. "மிகுதியாக" ஒரே பூவிலிருந்து வந்தது என்பதே பொருள். சோதனைச் சாலையில் தேனில் உள்ள மகரந்தத் துகள்களை நுண்ணோக்கியில் எண்ணிப் பார்ப்பார்கள். பொதுவாக 45 சதவீதத்துக்குமேல் ஒரே தாவரத்தின் மகரந்தம் இருந்தால் அந்தப் பெயரைக் கொடுக்கலாம் என்பது வழக்கம். ஆரஞ்சு போன்ற மகரந்தம் குறைந்த பூக்களுக்கு அளவு இதைவிடக் குறைவு.

இனி குமரி மாவட்டத்துக்கு வருவோம். இங்கே நமக்கு ஒரு வேடிக்கை காத்திருந்தது. ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை! ரப்பர் இலை மூன்று சிற்றிலைகளாக இருக்கும். அந்த மூன்றும் காம்போடு சேருமிடத்தில் சிறு சுரப்பிகள் உண்டு. டிசம்பர், ஜனவரியில் மரம் இலையுதிர்த்துப் புதுத் தளிர் விடும்போது, தளிர் முற்றும்வரை அந்தச் சுரப்பிகளில் மதுரம் சொட்டும். ஏறக்குறைய மார்ச் வரையில் இதுதான் தேனீக்களுக்கு விருந்து. ஆகவே ரப்பர் தேனில் ரப்பர் மகரந்தத்தைத் தேடினால் ஏமாற்றமே. அதிலிருக்கும் மகரந்தம் பக்கத்து வேலிச் செடியுடையதாக இருக்கும். கணக்குப்படி இது ஒரு பூவின் தேன் அல்ல, ஒரு மரத்தின் தேன்.

அமேசான் காட்டு மரமொன்றின் இலையிலிருந்து நம் ஊர் அடுக்குத் தேனீ தேன் எடுப்பதற்குப் பின்னால் சபை ஊழியர்கள் சிலரின் உழைப்பும் இருக்கிறது. சட்டங்களைத் தனித்தனியே வெளியே எடுக்கக்கூடிய தேன்பெட்டியை 1851ல் வடிவமைத்த லாங்ஸ்ட்ராத் அமெரிக்காவில் ஒரு போதகர். கூட்டுக்குள் தேனீக்கள் ஏறக்குறைய ஒன்பது மில்லிமீட்டர் இடைவெளியை மெழுகால் அடைக்காமல் நடைபாதையாக விட்டுவைக்கின்றன என்று கவனித்ததே அவர் செய்த காரியம். நம் நாட்டுத் தேனீ உருவில் சிறியது. அதற்கேற்ற சிறிய பெட்டியைச் செய்து, 1911 முதல் 1917 வரை திருச்சிப் பகுதியில் கிராமத்தாருக்குக் கற்றுக்கொடுத்தவர் நியூட்டன் என்ற இயேசு சபைக் குருவானவர். இன்றும் அதற்கு நியூட்டன் பெட்டி என்றே பெயர். 1920களில் அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராம நிர்மாண ஊழியத்தை ஆரம்பித்த ஸ்பென்சர் ஹேட்ச், ஏழைக் குடும்பங்களுக்குத் தேனீ வளர்ப்பை ஒரு உபதொழிலாகச் சேர்த்தார். நிலமில்லாதவனும் கொல்லையில் ஒரு பெட்டி வைக்கலாம் அல்லவா?

அந்தத் தொழில் ஒருமுறை ஏறக்குறைய அழிந்தே போனது என்பதையும் சொல்லவேண்டும். 1991, 1992ஆம் ஆண்டுகளில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுவதும் பரவி, புழுக்களைக் கூட்டிலேயே சாகடித்தது. பெரும்பாலான பெட்டிகள் காலியாயின. பெட்டியை நம்பி வாழ்ந்த எத்தனையோ குடும்பங்கள் வேறு கூலி வேலைக்குப் போயின. பிழைத்த சில கூடுகளிலிருந்து மறுபடியும் பெருக்கியே இன்றைய நிலைக்கு வந்திருக்கிறார்கள். மார்த்தாண்டம் தேனுக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாங்கள் சந்தேகப்பட்டது இப்படிப்பட்ட உழைப்பின் பலனைத்தான்.

சரி, தேன் ஏன் உறைகிறது? தேனில் முக்கியமாக இரண்டு சர்க்கரைகள் உண்டு: குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ். ஃப்ரக்டோஸ் தண்ணீரில் எளிதாகக் கரைந்து கிடக்கும். குளுக்கோஸ் அப்படியல்ல, கொஞ்சம் மிகுந்தால் படிகமாகப் பிரிந்துவிடும். எந்தச் சர்க்கரை எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பூவே. கடுகுத் தேனும் ரப்பர் தேனும் குளுக்கோஸ் மிகுந்தவை, சீக்கிரம் உறையும். ஐரோப்பாவில் அக்கேசியா என்று விற்கப்படும் ரொபினியா மரத்துத் தேன் ஃப்ரக்டோஸ் மிகுந்தது, வருடக்கணக்கில் நீராகவே இருக்கும். உறைவதனால் ஒரு தேன் கலப்படம் என்றும் சொல்லமுடியாது, உறையாததனால் சுத்தம் என்றும் சொல்லமுடியாது.

நம் வீடுகளில் செய்யும் மற்றப் பரிசோதனைகளும் இப்படியே. தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் நிற்கவேண்டும், தேனில் தோய்த்த தீக்குச்சி எரியவேண்டும், எறும்பு மொய்க்கக்கூடாது, நாய் நக்கக்கூடாது என்கிறோம். கெட்டியான சர்க்கரைப் பாகும் தண்ணீருக்கு அடியில்தான் போகும். எறும்புக்கும் நாய்க்கும் இறையியல் தெரியாது, வேதியியலும் தெரியாது. அரிசிப் பாகு கலந்த தேனைச் சோதனைச் சாலைக்காரர்களே திணறித்தான் கண்டுபிடிக்கிறார்கள். நம்பத்தக்க ஆளிடம் வாங்குவதே நல்ல வழி.

உறைந்த தேனை அடுப்பில் காய்ச்சாதீர்கள். கை பொறுக்கும் சூட்டில், அதாவது 40 டிகிரி அளவில், வெந்நீர்ப் பாத்திரத்தில் பாட்டிலை நிறுத்தி வையுங்கள், இளகிவிடும். உறைவதைவிடக் கவனிக்கவேண்டியது புளிப்பது. தேனில் தண்ணீர் 20 சதவீதத்துக்குமேல் இருந்தால் ஈஸ்ட் வேலை செய்ய இடமுண்டு. நம் கடலோரக் காற்றின் ஈரத்தில், அடை மூடப்படுமுன் அவசரப்பட்டு எடுத்த தேன் நுரைத்து மூடியைத் தள்ளும். அதைக் கஞ்சிக்குச் சேர்க்கவேண்டாம்.

இனி மருத்துவக் காரியம். பங்காளர்களில் பலர், "தேன் புண்ணை ஆற்றும் என்கிறார்களே, நாங்கள் அனுப்பும் தேனை வார்டில் டிரஸ்ஸிங்குக்கு உபயோகித்தால் செலவு குறையுமே" என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. பதிலை விவரமாகவே தருகிறோம்.

புண்ணுக்குத் தேன் என்பது கட்டுக்கதை அல்ல. 1991ல் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் டாக்டர் சுப்ரமண்யம் தீக்காயப்பட்ட 104 பேரில் தேனையும் வழக்கமான வெள்ளிக் களிம்பையும் ஒப்பிட்டு, தேன் நன்றாக வேலை செய்ததாக எழுதினார். 2015ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, மேலோட்டமான தீக்காயங்களில் தேன் சில வழக்கமான சிகிச்சைகளைவிடச் சீக்கிரம் ஆற்றுகிறது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் மற்ற அநேக வகைப் புண்களுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. தேன் அடர்த்தியால் கிருமியின் நீரை உறிஞ்சுகிறது. அமிலத் தன்மையும் உதவுகிறது. தேனீ சேர்க்கும் ஒரு நொதி, தேன் நீர்த்துப்போகும்போது ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது.

நியூசிலாந்தின் மனுக்கா என்ற புதர்ச் செடியின் தேன் மட்டும் தனி ரகம். பெராக்சைடை நீக்கினாலும் அது கிருமியைக் கொன்றது. 1980களில் வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில் பீட்டர் மோலன் இதை ஆராயத் தொடங்கினார். காரணப்பொருள் மெத்தில்கிளையாக்சால் என்று 2008ல் தெரியவந்தது. அந்தப் பூவின் மதுரத்தில் உள்ள வேறொரு பொருள் தேனில் மெதுவாக அப்படி மாறுகிறது. விலை ஏறியதும் போலிகளும் பெருகின. 2018 பிப்ரவரி முதல் நியூசிலாந்து அரசு ஏற்றுமதியாகும் மனுக்காத் தேனில் நான்கு வேதிப்பொருள் அடையாளங்களும் ஒரு மரபணு அடையாளமும் இருக்கவேண்டும் என்று சட்டம் செய்தது.

ஆனால், அன்பானவர்களே, புண்ணில் வைக்கும் தேன் சமையலறைத் தேன் அல்ல. சாதாரணத் தேனில் கிளாஸ்ட்ரிடியம் என்ற கிருமியின் வித்துகள் உறங்கிக் கிடக்கலாம். கொதிக்கவைத்தாலும் அவை சாகா. ஆனால் நாம் நம்பியிருக்கும் நொதி செத்துப்போகும். ஆகவே மருத்துவத் தேனைக் காமா கதிரால் சுத்திகரிக்கிறார்கள். அந்த வசதி நம்மிடம் இல்லை. எனவே உங்கள் தேன் டிரஸ்ஸிங் அறைக்குப் போகாது. முக்கியமாகச் சர்க்கரை நோயுள்ளவர்கள் காலில் புண் வந்தால் வீட்டில் தேன் தடவி நாள் கடத்தாதீர்கள். உணர்ச்சி மரத்த காலில் வலி தெரியாது. வலி இல்லை என்பதால் ஆறுகிறது என்று நினைப்போம். உள்ளே சீழ் எலும்புவரை போயிருக்கும். விரலோடு முடியவேண்டியது முழங்காலில் முடிந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். புண் கண்ட அன்றே வாருங்கள். பணம் இல்லை என்றாலும் வாருங்கள், அதற்காகத்தானே உங்கள் காணிக்கை.

நாவல் தேன் சர்க்கரை நோய்க்கு நல்லது என்று சொல்லி விற்கிறார்கள். நாவல் பூவிலிருந்து வந்தாலும் தேன் தேனே. ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை உண்டு. களைத்துப்போன யோனத்தான் காட்டில் கோலை நீட்டித் தேனை ருசித்ததும் தெளிவடைந்த சம்பவம் 1 சாமுவேல் 14ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இந்தச் சர்க்கரை அவ்வளவு சீக்கிரம் இரத்தத்தில் ஏறுகிறது. பசித்த போர்வீரனுக்கு நன்மையானது சர்க்கரை நோயாளிக்கு அப்படியே நன்மையாகிவிடாது.

இன்னும் ஒன்று. எங்கள் பிரசவ வார்டில் மாதந்தோறும் நடக்கிற போராட்டம் இது. குழந்தை பிறந்ததும் குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் நாக்கில் தேன் தொட்டு வைக்கிற சேனை வழக்கம் நம் கிறிஸ்தவ வீடுகளிலும் உண்டு. பாசத்தால் செய்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் மேலே சொன்ன வித்துகள் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கக்கூடும். முதலில் மலச்சிக்கல், பிறகு பால் இழுக்க முடியாமை, அழுகை மெலிதல், கைகால் துவளுதல், கடைசியில் மூச்சே நின்றுவிடும் ஆபத்து. அரிதாகவே வரும், ஆனால் வரும். எவ்வளவு சுத்தமான தேனானாலும், எந்தப் பூவின் தேனானாலும், முதல் பிறந்தநாள் கழியும்வரை ஒரு துளியும் வேண்டாம். தாத்தாவோ பாட்டியோ சேனை வைக்க ஆசைப்பட்டால், தாயின் சீம்பாலையே ஒரு துளி எடுத்து வைக்கச் சொல்லுகிறோம். முதலில் முகம் சுளித்த ஒரு பாட்டியம்மா, பிறகு அடுத்த கட்டிலில் இருந்தவர்களுக்குத் தாமே பாடம் நடத்தினார்.

குமரிக் குடும்பத்தின் பத்துப் பாட்டில்களும் வெந்நீரில் இளகி, இப்போது வார்டுக் கஞ்சியோடு போய்க்கொண்டிருக்கின்றன. சர்க்கரை நோயாளிகளின் கட்டிலில் மட்டும் "தேன் இல்லை" என்று சீட்டுக் கட்டியிருக்கிறோம். இனித் தேன் அனுப்புகிற அன்பர்கள் எந்த மாதம் எடுத்தது, அப்போது என்ன மரம் தளிர்த்தது அல்லது பூத்தது என்று பாட்டிலில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி அனுப்பினால் உதவியாக இருக்கும். உறைந்தால் கடிதம் எழுதமாட்டோம்.