குஞ்சின் நிறம் இனத்தைச் சொல்லுமா?

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் புளோக்குகளுக்கு இடையிலுள்ள புல்தரையில் ஒரு பெட்டை குஞ்சுகளோடு மேய்ந்தால் போதும், மாலைக்குள் அக்கம்பக்கத்து வாட்ஸ்அப் குழுவில் படம் வந்துவிடும். கூடவே தீர்ப்பும் வரும்: இது காட்டுக்கோழி, அது கருங்கோழி, மஞ்சளாக இருப்பது பண்ணைக் கோழி. சொல்பவர்களில் பலர் ஊரில் கோழி வளர்த்தவர்கள் என்பதால் மற்றவர்கள் நம்பிவிடுகிறார்கள்.

இப்படிப் பெயர் வைப்பதற்கு விளைவுகள் உண்டு. 2017 தொடக்கத்தில் சின் மிங் அவென்யூ வட்டாரத்தில் திரிந்த 24 கோழிகளை, குடியிருப்பாளர்களின் புகாருக்குப் பிறகு, அன்றைய வேளாண் உணவு, கால்நடை மருத்துவ ஆணையம் பிடித்துக் கொன்றது. அவை அரிய சிவப்புக் காட்டுக்கோழிகளா, வீட்டுக்கோழிகளா என்ற கேள்வி அப்போது எழுந்தது. விவகாரம் நாடாளுமன்றம் வரை போனது. வளர்ந்த கோழியிலேயே இவ்வளவு குழப்பம் இருக்கும்போது, குஞ்சைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு தூரம் சரி?

நம்பிக்கை: முதுகில் கோடு இருந்தால் காட்டுக்கோழிக் குஞ்சு.

உண்மை: காட்டுக்கோழிக் குஞ்சுக்குக் கோடு உண்டு என்பது சரிதான். உச்சந்தலையிலிருந்து வால்வரை அடர்பழுப்புப் பட்டை, அதன் இருபுறமும் வெளிர்நிறக் கோடு, கண்ணுக்குப் பின்னால் மெல்லிய கருங்கோடு. சருகுக்குள் பதுங்கினால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் உலகின் வீட்டுக்கோழிகளுக்கெல்லாம் முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழிதான். அந்தக் கோடுகளைப் பழுப்பு லெகார்னும், சண்டைக்கோழி வகைகள் பலவும், கிராமத்துக் கோழிகளும் இன்றுவரை சுமக்கின்றன. கோடு இருந்தால் மூதாதையின் நிற மரபணு இருக்கிறது என்று சொல்லலாம். அதற்குமேல் அது எதற்கும் சான்றாகாது.

நம்பிக்கை: குஞ்சில் தெரியாவிட்டாலும், வளர்ந்த பிறகு பார்த்தால் காட்டுக்கோழியா வீட்டுக்கோழியா என்று திட்டமாகச் சொல்லிவிடலாம்.

உண்மை: சாம்பல்நிறக் கால், காதருகே வெள்ளைத் திட்டு, சேவலின் வாலடியில் வெண்ணிறம், சட்டென்று அறுந்து முடியும் கூவல் ஆகியவை காட்டுக்கோழிக்கு நல்ல அடையாளங்கள். ஆனால் இடையில் கலப்பு நிறைய நடந்திருக்கிறது. 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சிங்கப்பூரின் காட்டுக்கோழிகளுடைய மரபணுத் தொகுதியை, தீபகற்ப மலேசியாவில் சுமார் 110 முதல் 150 ஆண்டுகளுக்கு முன் சேகரித்து அருங்காட்சியகத்தில் வைத்திருந்த மாதிரிகளோடு ஒப்பிட்டது. தூய காட்டுக்கோழி, தூய வீட்டுக்கோழி என்ற இரண்டு கட்டங்களில் பறவைகள் அடங்கவில்லை. இடத்துக்கு இடம் வீட்டுக்கோழிக் கலப்பு கூடியும் குறைந்தும் இருந்தது. எந்த ஓர் அடையாளத்தையும் தனியாக நம்பாமல், பல உடலடையாளங்களுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்த்தால் கலப்புக் குறைந்த பறவைகளை இனங்காணலாம் என்று அந்த ஆய்வு காட்டியது. அந்த அடையாளங்களில் முக்கியமானவை குஞ்சுக்கு இன்னும் வந்திருக்கவே இல்லை.

நம்பிக்கை: மஞ்சள் குஞ்சு என்றால் பிராய்லர்.

உண்மை: முட்டைக்கென்றே வளர்க்கும் வெள்ளை லெகார்ன் குஞ்சும் அதே மஞ்சள்தான். பொரித்த அன்று இரண்டையும் அருகருகே வைத்தால் பழகிய கண்ணே தடுமாறும். வேறுபாட்டை வளர்ச்சி காட்டும். ஆறு வாரத்தில் பிராய்லர் இரண்டு கிலோவைத் தாண்டியிருக்கும். லெகார்ன் அரைக் கிலோவைத் தொட்டாலே அதிகம்.

நம்பிக்கை: கறுப்புக் குஞ்சு கருங்கோழி.

உண்மை: இங்கே தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. ஈரச்சந்தையில் மூலிகைச் சூப்புக்கு வாங்கும் கருங்கோழி பெரும்பாலும் சில்க்கி வகை. அதன் இறகு வெள்ளை. தோலும் எலும்பும்தான் கறுப்பு. ஆகவே அதன் குஞ்சின் தூவி வெளிர்மஞ்சளாகவே இருக்கும். மாறாக, உடல் முழுதும் கரிய குஞ்சு, தலையில் வெள்ளைப் பொட்டு இருந்தால், நாளை சாம்பல் வரி போட்ட பிளிமத் ராக் ஆகலாம். தூவியை விலக்கித் தோலையும், அலகையும், காலையும் பார்க்காமல் கருங்கோழி என்று சொல்லக்கூடாது.

இன்னொன்றும் உண்டு. கால்வாய் ஓரத்தில் நீண்ட கால், நீண்ட விரல்களோடு ஓடும் கரிய குஞ்சு கோழியாகவே இருக்காது. அது வெண்மார்புக் கானாங்கோழியின் குஞ்சு. தனியாக நிற்கிறதே என்று இரக்கப்பட்டு வீட்டுக்குத் தூக்கிவந்தால், அருகில் புதருக்குள் இருக்கும் தாயிடமிருந்து அதைப் பிரித்துவிடுகிறோம்.

நம்பிக்கை: நிறம் வேறென்றால் இனம் வேறு.

உண்மை: பழுப்பு முட்டையிடும் கலப்பினங்கள் பலவற்றில், ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த சேவல் குஞ்சுகள் வெளிர்மஞ்சளாகவும் பெட்டைக் குஞ்சுகள் செம்பழுப்பாகவும் இருக்கும். பொன்னிற மரபுள்ள சேவலையும் வெள்ளி மரபுள்ள பெட்டையையும் இணைத்தால் இப்படி வரும். பெட்டை தன் வெள்ளி மரபணுவை மகன்களுக்கு மட்டுமே கொடுக்கிறது என்பது காரணம். பொரிப்பகங்கள் இதை வைத்துத்தான் முதல் நாளே சேவலையும் பெட்டையையும் பிரிக்கின்றன. இங்கே நிறம் பாலைச் சொல்கிறது, இனத்தைச் சொல்லவில்லை.

நம்பிக்கை: கம்போங் கோழி ஓர் இனம், குஞ்சிலேயே தெரியும்.

உண்மை: 2022 ஜூன் 1-ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. அந்த மாத நடுவிலேயே கம்போங் கோழிக்கும் கருங்கோழிக்கும் தடை தளர்ந்தது. பண்ணைக் கோழிக்கு அக்டோபர் வரை ஆயிற்று. இதனால் கம்போங் கோழி தனி இனம் என்ற எண்ணம் பலருக்கு உறுதிப்பட்டது. உண்மையில் அது சந்தை வகுத்த பிரிவு. மெதுவாக வளரும் பல கலப்புகள் அந்தப் பெயரில் விற்பனையாகின்றன. தமிழ்நாட்டில் நாட்டுக்கோழி என்று விற்பதும் அப்படித்தான். ஹைதராபாத்தின் கோழியின ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா குஞ்சுகள் பல நிறத்தில் வருவதால் நாட்டுக் குஞ்சோடு எளிதில் கலந்துவிடும். ஊருக்குப் போகும்போது அசில் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால், நிறத்தைப் பார்க்காமல் கொண்டையைப் பாருங்கள். அசிலுக்கு மூன்று தாழ்ந்த வரிசைகளாக அமைந்த பட்டாணிக் கொண்டை. அது குஞ்சின் நெற்றியிலேயே தடித்துத் தெரியும். ஒற்றை வரிசையில் பல்லுப்பல்லாக நின்றால் அது தூய அசில் இல்லை.

அப்படியானால் முதல் நாளில் நம்பத்தக்கவை எவை? கொண்டையின் வடிவம், காலில் தூவி உண்டா என்பது, தோலின் நிறம், விரல் எண்ணிக்கை. சில்க்கிக்கு ஐந்து விரல். பெரும்பாலான கோழிகளுக்கு நான்கு. இவையும் சில இனங்களை விலக்க உதவுமே தவிர, ஒன்றை உறுதிசெய்யப் போதா. பொரிப்பகத்தில் வேலை செய்பவர்களும் முகத்தைப் பார்த்து இனம் சொல்வதில்லை. எந்தக் கூண்டின் சேவல், எந்தக் கூண்டின் பெட்டை என்ற பதிவேட்டைப் பார்த்துத்தான் பெட்டியில் சீட்டு ஒட்டுகிறார்கள். புல்தரையில் மேயும் குஞ்சுக்கு அந்தப் பதிவேடு கிடையாது. தாய் கண்முன் இருந்தாலும் தந்தை யாரென்று தெரியாது. பெட்டை தன் கீழிருக்கும் எந்த முட்டையையும் அடைகாக்கும் என்பதால், தாய் அதுதானா என்பதே சந்தேகம்.

ஆகவே குஞ்சுகளைக் கண்டால் விலகி நின்று படம் எடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை அதே குஞ்சுகளை மறுபடி எடுங்கள். இறகு முளைத்து, கால் நிறம் தெளிந்து, சேவல் கூவத் தொடங்கிய பிறகு பெயரைப் பேசலாம். அதுவரை பிடிக்கவும் வேண்டாம், தீனி போடவும் வேண்டாம். 2020 ஜூனில் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டம் அனுமதியின்றி வனவிலங்குகளைப் பிடிப்பதையும் அவற்றுக்கு உணவளிப்பதையும் தடைசெய்கிறது. நம் முன் நிற்பது வனப்பறவையா இல்லையா என்று தெரியாத நிலையில், வனப்பறவை என்றே வைத்து நடந்துகொள்வதுதான் அதற்குப் பாதுகாப்பு.