மழலைச் சொல்லுக்குச் செவிகொடுப்போம்



பெரணமல்லூரில் தறி ஓடும் ஒரு வீட்டை மனக்கண் முன் கொண்டுவாருங்கள். தகப்பனார் குழியில் காலை இறக்கி நெய்துகொண்டிருக்கிறார். பட்டு இழைகளின் நடுவே நாடா இங்குமங்கும் ஓடுகிறது. அருகில் நிற்கும் மூன்று வயதுப் பிள்ளை, "அப்பா, நாடாவுக்குக் கால் வலிக்காதா?" என்று கேட்டால் நாம் என்ன செய்வோம்? சிரிப்போம். அண்டை வீட்டாரிடமும் சொல்லிச் சிரிப்போம். அதில் தவறில்லை. ஆனால் சிரித்ததோடு நின்றுவிடலாமா? இப்பாடத்தில் மூன்று காரியங்களைக் கவனிப்போம்.

1. அதில் நியாயம் உண்டு

சுவிட்சர்லாந்து அறிஞர் ஜீன் பியாஜே சிறுவர்களிடம் கேள்விகள் கேட்டு, அவர்கள் உலகத்தை எவ்வாறு காண்கிறார்கள் என்பதை 1926-இல் ஒரு நூலாக வெளியிட்டார். அசைகிற பொருளுக்கெல்லாம் உயிர் உண்டு என்று சிறு பிள்ளைகள் எண்ணுவதையும், "நிலா என் கூடவே வருது" என்று நம்புவதையும் அவர் எடுத்துக்காட்டினார். நம் முன்னோர் இதை வேறு விதமாக அறிந்திருந்தார்கள். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள், நிலவைப் பிள்ளையோடு விளையாட அழைக்கும் அம்புலிப் பருவமும் ஒன்றல்லவா? "நாளைக்குப் பாட்டி வீட்டுக்குப் போனோமே" என்று பிள்ளை சொல்லும்போதும், காலத்தைச் சொல்லில் அடக்க அது முயன்றுகொண்டிருக்கிறது.

2. அதில் பயமும் உண்டு

"அடம் பிடித்தால் டாக்டர் ஊசி போடுவார்" என்று எத்தனை வீடுகளில் மிரட்டுகிறோம்! பிறகு காய்ச்சல் வந்து ஊசி போடும்போது, "நான் சேட்டையே பண்ணலியே, எனக்கு ஏன் ஊசி?" என்று பிள்ளை அழுகிறது. கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் அது தன் குற்றம் என்னவென்று தேடுகிறது. தவறு செய்தால் தண்டனை தானாகவே வந்து சேரும் என்று சிறுவர்கள் எண்ணுவதை பியாஜே 1932-இல் எழுதினார். நோயையும் பிள்ளை தண்டனையாக எண்ணிக்கொண்டால், வலியோடு குற்ற உணர்வையும் அது சுமக்கிறது. நம் மிரட்டலே அந்தச் சுமையை ஏற்றிவைத்தது.

3. அதில் நோயின் செய்தியும் உண்டு

கால் மரத்துப்போனால், "காலுக்குள்ள எறும்பு ஓடுது" என்பார்கள். எங்கே வலித்தாலும் வயிற்றைக் காட்டும் பிள்ளைகளும் உண்டு. நுரையீரலில் சளிக்காய்ச்சல் இருக்கும்போதுகூட, சில பிள்ளைகள் வயிற்று வலி என்றே சொல்வதை மருத்துவர்கள் அறிவார்கள். ஆகவே பிள்ளை சொன்னதைத் திருத்தாமல், சொன்னபடியே மருத்துவரிடம் சொல்லுங்கள். மூச்சு வேகமாக வாங்கினால் தாமதிக்கலாகாது.

நாம் செய்யக்கூடியவை

ஊசியை ஒருபோதும் தண்டனையாகச் சொல்லாதிருப்போம். "வலிக்காது" என்ற பொய்யும் வேண்டாம். "கொஞ்சம் வலிக்கும், சீக்கிரம் போய்விடும், அம்மா கூடவே இருப்பேன்" என்று உண்மையைச் சொல்வோம். தடுப்பூசியின்போது பிள்ளையைப் பெற்றோர் அணைத்துப் பிடித்துக்கொள்வதும், கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பதும் வலியைக் குறைக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. "நோய் வந்தது உன் தப்பு இல்லை" என்ற ஒரு வார்த்தையையும் மறவாமல் சொல்வோம். பிள்ளை கேட்காவிட்டாலும் சொல்வோம்.

சிந்திக்க:

1. இந்த வாரம் உங்கள் வீட்டுப் பிள்ளை சொன்ன எந்தச் சொல்லுக்குச் சிரித்தீர்கள்? அதற்குள் ஒரு கேள்வி இருந்ததா?

2. பிள்ளையை அடக்க நாம் சொல்லும் எந்த மிரட்டலை இன்றே விட்டுவிடலாம்?